வெள்ளைக் கோட்டின் மேல் ஒரு கட்டில்

உலகப் போர் முடிந்த வசந்தத்தில், மேற்கிலிருந்து வந்த அமெரிக்கப் படையும் கிழக்கிலிருந்து வந்த ரஷ்யப் படையும் எங்கள் கிரோன்பாக் ஊரின் மரப்பாலத்தில் சந்தித்துக்கொண்டன. கீழே என்ஸ் ஆறு பனி உருகி ஓடிக்கொண்டிருந்தது. இரு பக்கத்து அதிகாரிகளும் கைகுலுக்கினார்கள், கட்டிப்பிடித்தார்கள், ஒருவர் தொப்பியை இன்னொருவர் மாட்டிக்கொண்டார்கள். இவ்வளவு நல்ல நட்பு எந்த இடத்தில் உண்டானது என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே என்று, கைகள் தொட்டுக்கொண்ட இடத்தில் பாலத்தின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு போட்டார்கள்.

சண்டை அந்தக் கோட்டிலிருந்துதான் ஆரம்பித்தது.

முதலில் அது விரல் அகலக் கோடு. மழையில் மங்கியபோது அமெரிக்கச் சிப்பாய்கள் மறுபடி பூசினார்கள். தூரிகை கொஞ்சம் கிழக்கே சரிந்தது. அடுத்த மாதம் ரஷ்யச் சிப்பாய்கள் பூசினார்கள். தூரிகை கொஞ்சம் மேற்கே சரிந்தது. தூரிகைகள் தாமாகவே சரிந்தன என்று இரு தரப்பும் அறிவித்தன. கோடு பெருத்துக்கொண்டே போனதும் அது யாருடைய நிலம் என்ற கேள்வி எழுந்தது. தன்னுடையது என்று சொன்னால் ஆக்கிரமிப்பு. மற்றவருடையது என்று சொன்னால் தோல்வி. ஆகவே வெள்ளை நிறம் யாருக்கும் சொந்தமில்லை என்று ஒப்பந்தமாயிற்று. அன்று முதல் கிழக்குக் கிரோன்பாக் ரஷ்யர்களிடமும் மேற்குக் கிரோன்பாக் அமெரிக்கர்களிடமும் இருந்தன. ஊருக்கு இருந்த ஒரே தேவாலயம் மேற்கிலும், ஒரே அடுமனை கிழக்கிலும் மாட்டிக்கொண்டன.

வால்பூர்காவும் அப்படித்தான் மாட்டிக்கொண்டாள். பூர்கி என்று கூப்பிடுவார்கள். கிழக்குக் கரையில் பேரிக்காய்த் தோட்டம் வைத்திருந்த ஸெவெரினின் மகள். அவள் மணக்க இருந்த வெண்டலின் மேற்குக் கரையில் மரம் அறுக்கும் பட்டறை வைத்திருந்தான். பாலத்தைக் கடக்க நான்கு மொழிகளில் அச்சடித்த அனுமதி அட்டை வேண்டும். அதில் முத்திரைகள் நிறைய நிறைய, அட்டைக்காரரின் முகம் மறைந்துகொண்டே போகும். இந்தத் தொல்லையால் கோடை முழுவதும் இருவரும் சந்திக்க முடியாமல் தவித்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் ஆற்றில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது. ஆற்றுக்கு முத்திரை வைக்க இரண்டு ராணுவங்களுக்கும் தோன்றவில்லை.

நவம்பரில், அம்மா ஸெஃபா அடுப்பில் புளித்த முட்டைக்கோசை வைத்ததும் பூர்கி மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். ஸெஃபா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“எத்தனை நாளாடி இந்த ஓட்டம்?”

பூர்கி வாசலில் நின்றபடியே வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“சரி. உங்க அப்பா காதுக்குப் போகக் கூடாது. திருவருகைக் காலம் தொடங்கறதுக்குள்ள உன் விரல்ல மோதிரம் ஏறியாகணும். இல்லைன்னா நோன்பு, திருநாள்னு தள்ளிக்கிட்டே போயி, கோவில் படியில உனக்கு முன்னாடி உன் வயிறு ஏறும்.”

ஸெஃபா சொன்னதில் நியாயம் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் எங்கள் சபையில் கல்யாணம் கிடையாது. அது தொடங்கிவிட்டால் ஜனவரியில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாள் கழியும் வரை பாதிரியார் யாருக்கும் மோதிரம் மாற்றி வைக்க மாட்டார். அதற்குள் பூர்கியின் பாவாடைக்கு நாடா போதாது. ஆகவே திருவருகைக்கு முந்தைய சனிக்கிழமையே முகூர்த்தம் என்று அவசரமாக முடிவானது. அதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே சீர்வண்டிக்கு அனுமதி கிடைத்தது.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்பு பெண்ணின் சீர் மாப்பிள்ளை வீட்டுக்கு வண்டியில் போக வேண்டும். கட்டில் போய்ச் சேர்ந்து, பாதிரியார் அதன்மேல் தீர்த்தம் தெளித்த பிறகுதான் கோவிலில் மணி அடிப்பார்கள். பூர்கியின் வண்டியில் தலைமாட்டில் இரண்டு இதயங்கள் வரைந்த கட்டில், இறகு மெத்தை, அலமாரி, ராட்டை எல்லாம் ஏறின. அலமாரிக்குப் பின்னால், கம்பளிப் போர்வை சுற்றிய ஒன்றையும் ஸெஃபா சத்தமில்லாமல் ஏற்றினாள். பூர்கி வெள்ளைத் தலைத்துணி கட்டிக்கொண்டு கட்டிலின் மேல் உட்கார்ந்தாள். ஸெவெரின் குதிரைகளை ஓட்டினார். ரஷ்யக் காவல்சாவடியில் அட்டையில் ‘வெளியேறினாள்’ என்று முத்திரை விழுந்தது. வண்டி பாலத்தில் ஏறியது.

வெள்ளைக் கோட்டின் மேல் ஒரு கம்பு குறுக்கே நின்றது.

கவை வைத்த இரண்டு கால்களின் மேல் நீளமான தேவதாரு மரக் கம்பு. உடல் முழுக்கக் கலர் ரிப்பன். பின்னால் ஊர் வாலிபர்கள் தொப்பியில் இறகு செருகிக்கொண்டு நின்றார்கள். முன்னால் ஹியாஸ் என்கிற அவர்கள் தலைவன், கையில் காலிக் கோப்பையோடு.

பூர்கிக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரை விட்டுப் போகிற பெண்ணின் சீர்வண்டியை மறிப்பது எங்கள் வழக்கம். போரில் பையன்கள் எல்லாம் தொலைதேசம் போய்விட்டதால் ஆறு வருஷமாக எந்த வண்டியையும் மறிக்க ஆளில்லை. போரில் போய்த் திரும்பியவர்கள் எல்லோரும் அன்றைக்கு அங்கே இருந்தார்கள். ஒருவனுக்குக் கை இல்லை, அவன் தோளால் கம்பைத் தாங்கிக்கொண்டிருந்தான்.

“எங்க ஊர்ப் பொண்ணைச் சும்மா தூக்கிட்டுப் போக விடுவோமா?” என்றான் ஹியாஸ். “எங்கே அந்த மரவட்டை மாப்பிள்ளை? வந்து பாடச் சொல்லு. சாராயம் இல்லாம வந்தா ஆத்துல தள்ளுவோம்.”

வெண்டலின் மறுகரையிலிருந்து பேரிக்காய்ச் சாராயப் பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் இரு பக்கத்துக் காவல்காரர்களும் விசில் ஊதினார்கள்.

அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது இதுதான்: பாலத்தின் கிழக்கு முனையில் ரஷ்யத் தடுப்பு, மேற்கு முனையில் அமெரிக்கத் தடுப்பு, நட்டநடுவே, இரண்டு பேருக்கும் தெரியாமல், மூன்றாவது தடுப்பு. அதன் பின்னால் ஒரே மாதிரி தொப்பி போட்ட ஒரு படை. ‘பெயர் தெரியாத மூன்றாவது வல்லரசு ஒன்று ஆற்றைப் பிடித்துவிட்டது’ என்று இரு தலைமையகங்களுக்கும் தொலைபேசியில் செய்தி போனது.

துப்பாக்கிகளைப் பார்த்ததும் வாலிபர்கள் ஓடிவிட்டார்கள். ஏற்கெனவே ஒரு போரைப் பார்த்தவர்கள் அவர்கள். கம்பு மட்டும் நின்றது. ரிப்பன்கள் காற்றில் ஆடின.

கர்னல் விட்காம் மேற்கிலிருந்தும் கர்னல் கருலின் கிழக்கிலிருந்தும் வந்து சேர்ந்தார்கள். இருவரும் கம்பைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள், நீ வைத்தது எனக்குத் தெரியும் என்ற சிரிப்பு. விஷயம் கூட்டுக் கமிஷனுக்குப் போகும் வரை எதையும் யாரும் நகர்த்தக் கூடாது என்று உத்தரவாயிற்று.

மாலையில் ஸெவெரின் வீட்டுக்குத் திரும்பினார். அவருக்கும் குதிரைகளுக்கும் போய்வர அனுமதி இருந்தது. பூர்கிக்கும் கட்டிலுக்கும் போவதற்கு மட்டுமே அனுமதி. அவள் கிழக்கிலிருந்து வெளியேறிவிட்டாள், மேற்கில் இன்னும் நுழையவில்லை. திரும்பி வந்தால், வெளியேறாத ஒருத்தி எப்படி வெளியேறியிருக்க முடியும் என்று ரஷ்யக் காவல்காரர் கேட்டார். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. பூர்கி மெத்தையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பாலத்திலேயே படுத்தாள்.

கூட்டுக் கமிஷன் மறுநாள் பாலத்திலேயே கூடியது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மேஜை, அந்தப் பக்கம் ஒரு மேஜை. மொழிபெயர்க்க ஊர்ப் பல் வைத்தியர் ஹூபர். முதல் உலகப் போரில் சைபீரியாவில் கைதியாக இருந்தவர், பிறகு சில காலம் அமெரிக்காவில் பிழைத்தவர். ‘கொஞ்சம்கூட வலிக்காது’ என்பதை இரண்டு மொழியிலும் நம்பும்படி சொல்லக்கூடிய ஒரே ஆள். அவர் வெள்ளைக் கோட்டின் மேல் நிற்கலாம், உட்காரக் கூடாது என்று தீர்மானித்தார்கள். உட்கார்ந்தால் குடியேற்றம் ஆகிவிடும்.

கர்னல் விட்காம் முதலில் பேசினார். “இந்தப் பாலத்துல சுதந்திரமா போக்குவரத்து நடக்கணும்னுதான் நாங்க இதை அடைச்சு வச்சிருக்கோம். இந்தக் கம்பு எங்களுது இல்ல. நாங்க வச்சிருந்தா இதைவிட மூணு மடங்கு பெருசா வச்சிருப்போம்.”

கர்னல் கருலின் எழுந்தார். “எங்க மக்கள் சமாதானத்தை விரும்பறவங்க. கம்பு வைக்கிற பழக்கமே எங்களுக்குக் கிடையாது. தேவைப்பட்டா நேரா சுவரே கட்டிடுவோம்.”

அமெரிக்கத் தரப்பு நிபுணர் ஒருவர், ரிப்பன்களில் சிவப்பு அதிகம் என்று படம் வரைந்து காட்டினார். ரஷ்யத் தரப்பு நிபுணர், நீலத்தையும் வெள்ளையையும் சேர்த்துப் பார்த்தால் என்ன கொடி வருகிறது என்று கேட்டார். கம்பை எடுத்துப் போட்டுவிடலாமே என்று ஹூபர் தன் சொந்தக் கருத்தாகச் சொல்லிப் பார்த்தார். எடுப்பவன் தாக்கியவன் ஆவான் என்று இரண்டு கர்னல்களும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்தக் கூட்டத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

பிறகுதான் கட்டிலின் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருப்பது யாருக்கோ ஞாபகம் வந்தது. பூர்கியைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள்.

“அது எங்க ஊர்ப் பசங்க வச்சது ஐயா,” என்றாள் அவள். “ஊரை விட்டுப் போற பொண்ணை மறிப்பாங்க. மாப்பிள்ளை வந்து தன்னைத்தானே கேலி பண்ணி ஒரு பாட்டு பாடணும். சாராயம் ஊத்தணும். அப்புறம் எடுத்துருவாங்க. வேற ஒண்ணுமில்ல.”

“மறிக்காம விட்டா?” என்று கேட்டார் கருலின்.

“போனாப் போகட்டும்னு ஊரு நெனைக்குதுன்னு அர்த்தம். அப்படிப் போன பொண்ணு ஆயுசுக்கும் அழுவா. மறிச்சாத்தான் மரியாதை.”

இரண்டு கர்னல்களும் நெடுநேரம் யோசித்தார்கள். அந்த வாலிபர்களின் அமைப்பை எந்த அரசு அங்கீகரித்திருக்கிறது என்று கேட்டார்கள். எதுவும் இல்லை என்றாள் பூர்கி. இல்லாத அமைப்பு இருக்கிற கம்பை வைக்க முடியாது என்று குறித்துக்கொண்டு கலைந்தார்கள்.

பூர்கி அன்று நம்பிக்கையோடுதான் இருந்தாள். உண்மையைச் சொன்னால் விஷயம் முடிந்துவிடும் என்று நினைக்கிற வயது.

அவள் சொன்னது வாஷிங்டன் போயிற்று, மாஸ்கோ போயிற்று. அங்கே படித்தவர்கள் படித்துப் பார்த்து ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள்: இந்தத் தேசத்தில் மறிப்பவனுக்குத்தான் மரியாதை. அவனுக்குப் பாட்டு, அவனுக்குச் சாராயம், மறிக்காவிட்டால் பெண்கள் அழுவார்கள். இப்படிப்பட்ட ஒரு பெருமையை எதிராளிக்கு விட்டுக்கொடுப்பதா?

அடுத்த கூட்டத்தில் விட்காம் தொண்டையைச் செருமிக்கொண்டார். “போன தடவை நான் சொன்னது பழைய உண்மை. புது உண்மை என்னன்னா, அந்தக் கம்பு எங்களுதுதான்.”

“எங்க கம்பைத் தன் கம்புன்னு சொல்றது வரலாற்றைத் திருடறது,” என்றார் கருலின். “அதை நாங்க வச்சப்போ பாலமே இல்ல.”

அன்று பிற்பகலில் அமெரிக்கர்கள் தங்கள் கம்பு இப்படித்தான் இருக்கும் என்று நிரூபிக்க, அதே மாதிரி இன்னொன்றை, கொஞ்சம் பெரிதாக, கோட்டுக்கு மேற்கே நட்டார்கள். ரஷ்யர்கள் அதைவிடப் பெரிதாக இரண்டை கோட்டுக்குக் கிழக்கே நட்டார்கள். பிறகு நிற்கவில்லை. வாரம் முடிவதற்குள், பாலம் ரிப்பன் கட்டிய காடாகிவிட்டது. ஊரில் ரிப்பன் தீர்ந்தது. பெண்பிள்ளைகள் சடையைச் சணலால் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். பாதிரியார் ஞாயிற்றுக்கிழமை பீடத்துக்கு வந்தபோது, பீடத்துணியின் குஞ்சலங்களைக் காணவில்லை.

கம்புகள் எல்லாம் வெண்டலின் பட்டறையில் அறுக்கப்பட்டன. அமெரிக்கர்கள் நேரில் வந்து ஆணையிட்டார்கள். ரஷ்யர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து கொடி அசைத்து நீளம் சொன்னார்கள். அவன் கம்பைத் தூக்கிக்கொண்டு கோட்டு விளிம்பு வரை வருவான், அங்கே வைப்பான்.

“என்னைத் தடுக்கறதுக்கு நீயே மரம் அறுக்கறியா?” என்று பூர்கி கேட்டாள்.

“நான் அறுக்கலைன்னா வேற எவனாவது அறுப்பான். நான் அறுத்தா, ஒவ்வொரு கம்பு கொண்டு வர்றப்பவும் உன் முகத்தைப் பாக்கலாம். இந்த வாரம் எவ்வளவு பகை வளருதோ அவ்வளவுக்கு எனக்கு லாபம்.”

அவள் சிரித்தாள். கையை நீட்டினாள். அவனும் நீட்டினான். எட்டவில்லை. இருவரும் கோட்டின் விளிம்பில் குதிகாலைத் தூக்கி நின்று பார்த்தார்கள். விரல் நுனிகளுக்கு நடுவே இன்னும் ஒரு சாண் இருந்தது. முந்தைய நாள்தான் ரஷ்யர்கள் கோட்டைப் புதுப்பித்திருந்தார்கள். அன்றைக்குத்தான் பூர்கி அந்த வெள்ளையை முதல் முறையாகச் சரியாகப் பார்த்தாள். அவள் கட்டிலின் அகலம் அளவுக்கு இருந்தது.

இதற்கிடையில் வண்டியைச் சோதனை போட்டார்கள். அலமாரிக்குப் பின்னாலிருந்த போர்வையை ரஷ்ய அதிகாரி அவிழ்த்தார். உள்ளே தொட்டில்.

கமிஷன் அவசரமாகக் கூடியது. கல்யாணமாகாத பெண் எதற்குத் தொட்டில் கொண்டு போகிறாள்? ஸெஃபா மகளுக்கு உருளைக்கிழங்கு உருண்டை கொண்டு வந்திருந்தாள். ‘சீர்வண்டியில் தொட்டில் வைப்பது வழக்கம், அவ்வளவுதான்’ என்று அவள் வாய் சொன்னது. முகம் வேறொன்றைச் சொல்லிவிட்டது. ஹூபர் மொழிபெயர்ப்பதற்கு முன்பே இரண்டு தரப்பும் முகத்தைப் படித்துவிட்டன.

விட்காம் எழுந்து நின்றார். “அந்தக் குழந்தை பிறக்குறதுக்கு முன்னாடியே சுதந்திரத்தைத் தேர்ந்தெடுத்திருச்சு. அதன் தாய் எந்தத் திசையில போயிட்டிருந்தாங்கன்னு பாருங்க.”

“எங்கேருந்து போறாங்கன்னு பாருங்க,” என்றார் கருலின். “உண்டானது எங்க கரையில.”

“ஆத்துல,” என்றான் வெண்டலின் மேற்கு விளிம்பிலிருந்து, யோசிக்காமல்.

பூர்கி தலைத்துணியை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். அவளுக்கென்று உலகத்தில் ஒரே ஒரு ரகசியம் இருந்தது. அதையும் இரண்டு மொழியில் மொழிபெயர்த்துவிட்டார்கள். கிழக்குத் தடுப்பில் நின்றிருந்த ஸெவெரின் அதை மூன்றாவது மொழியில், அதாவது சொந்த மொழியில், கேட்டார். வண்டி வரை நடந்து வந்து, மனைவியிடம், “உனக்குத் தெரியுமா?” என்றார்.

“முட்டைக்கோசுக்குக்கூடத் தெரியும்,” என்றாள் ஸெஃபா.

அன்றிலிருந்து அமெரிக்கர்கள் டின் பால் அனுப்பினார்கள். ரஷ்யர்கள் புழு வைத்த பட்டாணி மூட்டை அனுப்பினார்கள். டின்கள் கூடக்கூட மூட்டைகளும் கூடின. பிறக்காத அந்தப் பிள்ளைக்கு இரு தரப்பும் ஒவ்வொரு பாதுகாப்பு அதிகாரியை நியமித்தன. அவர்கள் இருவரும் கட்டிலின் இரு பக்கமும் நின்று அவள் வயிற்றையே முறைத்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேர் அக்கறைப்பட்டும், அந்தப் பிள்ளைக்கு வேண்டியதோ ஒரு பாதிரியாரும் ஒரு சனிக்கிழமையும்தான். சனிக்கிழமை நெருங்கிக்கொண்டே வந்தது.

வியாழக்கிழமை பூர்கி கமிஷன் முன் தானாகப் போய் நின்றாள்.

“ஒரே ஒரு கேள்வி. இந்த வெள்ளை உங்களுதா?”

“இல்லை,” என்றார் விட்காம் வேகமாக.

“ஒருபோதும் இல்லை,” என்றார் கருலின் அதைவிட வேகமாக.

“அப்போ என் கட்டிலை அதுல போட்டுக்கவா? இங்கே படுத்தா அவர் கை எட்டலை. அங்கே படுத்தா ஒரு பக்கம் அம்மா கையைப் பிடிச்சுக்கலாம், ஒரு பக்கம் அவர் கையைப் பிடிச்சுக்கலாம். அவ்வளவுதான் எனக்கு வேணும்.”

கருலின் கணக்குப் போட்டார்: கட்டில் அவர் மண்ணை விட்டுத் தொலையும். விட்காமும் கணக்குப் போட்டார்: கட்டில் அவர் மண்ணில் வந்து தொலையாது. கூட்டுக் கமிஷன் ஏகமனதாக நிறைவேற்றிய முதல் தீர்மானம் அது. ரஷ்யச் சிப்பாய்கள் கால்மாட்டையும் அமெரிக்கச் சிப்பாய்கள் தலைமாட்டையும் பிடித்து, ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல், கட்டிலை வெள்ளைக் கோட்டின் மேல் இறக்கினார்கள். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. தலைமாட்டின் அருகே ஹியாஸின் பழைய கம்பு அப்படியே நின்றது. அதுவும் வெள்ளையில்தான் இருந்தது, அதனால் யாரும் தொடவில்லை. வெண்டலின் மேற்கு விளிம்பில் மண்டியிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பல நாள் கழித்து அவன் உள்ளங்கையின் மரத்தூள் வாசனை அவளுக்குக் கிடைத்தது. வேறொன்றும் அவள் அப்போது யோசிக்கவில்லை.

சனிக்கிழமை நட்பு வாரத்தின் நிறைவு விழா. நட்பு வாரம் என்று ஒன்று நடந்துகொண்டிருந்தது ஊரில் யாருக்கும் தெரியாது. இரு நாட்டுப் பத்திரிகைகளிலிருந்தும் புகைப்படக்காரர்கள் வந்தார்கள். கைகள் முதலில் தொட்டுக்கொண்ட அதே இடத்தில் இரண்டு கர்னல்களும் மறுபடி கைகுலுக்க வேண்டும். படம் மறுநாளே உலகமெல்லாம் வர வேண்டும். வராவிட்டால் தளபதிகள் காரணம் கேட்பார்கள். வாத்தியக் குழுக்கள் ஊதின. விட்காம் மேற்கு விளிம்புக்கு வந்து கையை நீட்டினார். கருலின் கிழக்கு விளிம்புக்கு வந்து கையை நீட்டினார்.

எட்டவில்லை.

இருவரும் குதிகாலைத் தூக்கினார்கள். இடுப்பை வளைத்தார்கள். ஒரு சிப்பாய் விட்காமின் பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டான். நடுவே இறகு மெத்தைமேல் பூர்கி உட்கார்ந்து, இரண்டு கைகளுக்கும் இடையே குறைகிற சாணை மாறி மாறிப் பார்த்தாள். அது அவளுக்குப் பழக்கமான சாண்.

“கொஞ்சம் நகர்ந்துக்கம்மா, உள்ளே வரணும்,” என்றார் விட்காம்.

பூர்கி நகரப் போனாள். நல்ல குடும்பத்துப் பெண். பெரியவர்கள் கேட்டால் நகர்ந்துவிடுவாள். அப்போது அவள் தோள் அந்தக் கம்பில் இடித்தது. ரிப்பன் முகத்தில் உரசியது. அவள் மெதுவாகத் திரும்பி அதைப் பார்த்தாள். கம்பின் மறிக்கிற பக்கத்தில் இப்போது தானே உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

“வரலாம்,” என்றாள். “ஆனா மறிச்சிருக்கோமே.”

ஹூபர் அதை மொழிபெயர்த்தபோது அவர் குரலில் இருந்த சந்தோஷம் மூலத்தில் இல்லாதது.

“வண்டியும் நானும் அவர் வீட்டுக்குப் போகணும். இப்பவே, எல்லாக் கம்பையும் எடுத்துட்டு. எங்க அப்பா அம்மாவும் ஊரும் கூட வரணும். அதுக்கு ரெண்டு பேரும் முத்திரை குத்துங்க. அப்புறம் வழக்கப்படி பாட்டு.”

மேளம் நின்றுவிட்டது. புகைப்படக்காரர் ஒருவர், மலைக்குப் பின்னால் வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது என்றார். முத்திரைகள் கட்டிலுக்கே வந்தன. அவை விழுந்த வேகத்தைக் கிரோன்பாக் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. கஷ்டம் பாட்டில்தான் வந்தது. விட்காம் கம்யூனிஸ்டுகளைக் கேலி செய்து ஒன்று ஆரம்பித்தார். பூர்கி தலையசைத்தாள். கருலின் முதலாளிகளைக் கேலி செய்து ஆரம்பித்தார். அதற்கும் தலையசைத்தாள்.

“மத்தவங்களைப் பத்தி இல்ல ஐயா. உங்களைப் பத்தி.”

இரண்டு பேரும் ஆற்றைப் பார்த்தார்கள். அத்தனை பெரிய இரண்டு ராணுவங்களிடம் பீரங்கிக்குப் பாட்டு இருந்தது, கொடிக்குப் பாட்டு இருந்தது. தன்னைத்தானே கேலி செய்ய ஒரு வரி இல்லை. கடைசியில் இருவரும் ஹூபரின் காதில் ஏதோ முணுமுணுத்தார்கள். எதுகை ஹூபருடையது, பொருள் அவர்களுடையதுதான் என்று அவர் பிற்காலத்தில் சத்தியம் செய்தார். முதலில் விட்காம் கரகரத்தார்:

“உலகத்தைக் காக்க வந்தேன் கப்பல் ஏறி — இப்போ
ஒரு கட்டிலுக்குக் காவல் நின்னேன் தடுமாறி.”

கருலினுக்கு நல்ல குரல்:

“பனியில நடந்து வந்தேன் பூட்ஸு தேய — ஒரு
படுக்கை என்னை மறிச்சிருச்சே மானம் தேய.”

வைக்கோல் போரிலும் ஆட்டுக் கொட்டகையிலும் ஒளிந்திருந்த வாலிபர்கள் எப்போது வந்தார்கள் என்று தெரியவில்லை. ஹியாஸ் பாலத்தின் கைப்பிடிமேல் உட்கார்ந்து, “ரெண்டாவது ஆளு பரவாயில்ல. முதல் ஆளை ஆத்துல தள்ளலாமா?” என்று கேட்டான். பூர்கி வேண்டாம் என்று கம்பைத் தூக்கிப் பிடித்தாள். கர்னல்கள் பூட்ஸைக் கழற்றிவிட்டு, ஆளுக்கொரு பக்கமாக இறகு மெத்தைமேல் முழங்காலிட்டு ஏறி, ஆடி ஆடிச் சமநிலை பிடித்துக் கைகுலுக்கினார்கள். படம் உலகமெல்லாம் வந்தது. கட்டில் தெரியாதபடி கீழே வெட்டியிருந்தார்கள். ஆனாலும் இரண்டு தொப்பிகளுக்கும் நடுவே, பின்னணியில், தலைமாட்டின் இரண்டு இதயங்கள் தெளிவாகத் தெரிந்தன. நட்பின் சின்னம் என்று இரு நாட்டுப் பத்திரிகைகளும் எழுதின.

மேற்கு முனையில் வழக்கம்போல அமெரிக்கச் சிப்பாய் எல்லோர் மேலும் பேன் கொல்லும் டி.டி.டி. பொடி அடித்தான். கட்டில் வெண்டலின் வீட்டில் இறங்கியது, பாதிரியார் அதன்மேல் தீர்த்தம் தெளித்தார். மணப்பெண், அவள் அப்பா, அம்மா, குதிரைகள், ஊர் எல்லாம் வெள்ளையாகக் கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஸெவெரின் தும்மிக்கொண்டே மகளைக் கைப்பிடித்துக் கொடுத்தார். அவர் கண்ணீருக்குப் பொடிதான் காரணம் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. வெண்டலின் தன் பாட்டை அங்கே படியில் பாடினான், வழக்கம் குறையக் கூடாதே என்று. ஆற்றைப் பற்றியும் அதில் ஒரு வரி இருந்தது. பாதிரியார் காது கேட்காத மாதிரி நின்றுவிட்டு, திருவருகைக்கு முன்பான கடைசி மணியை அடிக்கச் சொன்னார்.

மே மாதம் பெண் குழந்தை பிறந்தது. பட்டாணியும் டின் பாலும் அது பள்ளிக்கூடம் போகும் வரை வந்தன.

ஒன்பது வருஷம் கழித்து இரண்டு ராணுவங்களும் ஊரைக் காலி செய்தன. ஒரே நாளில், ஒருவர் முதலில் போனதாக யாரும் சொல்லிவிடக் கூடாதென்று ஒரே மணியோசைக்கு. ரஷ்ய லாரிகள் கிழக்கே திரும்பின. அமெரிக்க லாரிகள் மேற்கே திரும்பின. சாமான் ஏற்றிய கடைசி லாரி இரண்டு பக்கத்திலும் ஊர் எல்லைக்கு வந்ததும் தானாக வேகம் குறைந்தது. யாராவது மறித்திருக்கிறார்களா என்று ஓட்டுநர்கள் ஜன்னல் வழியே தலையை நீட்டிச் சாலையைப் பார்த்தார்கள்.

பூர்கி மகளோடு பாலத்தில் நின்றிருந்தாள். ஹியாஸ் கைப்பிடிமேல் உட்கார்ந்திருந்தான். ரிப்பன் கட்டிய கம்பு பட்டறைச் சுவரில் சாய்ந்திருந்தது, வெண்டலின் கைக்கு எட்டும் தூரத்தில்.

யாரும் எடுக்கவில்லை.